ஒரே அறையில் இரண்டு வியர்வை

வாசகர் கேள்வி

டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு மாடிக்கட்டடத்தின் கடைசித் தட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது. 14 வருடமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. இரண்டு மூன்று மாதமாக இரவு இரண்டு, மூன்று மணிக்கு உடம்பு முழுக்க வியர்த்து, பெனியனும் தலையணையும் பிழியலாம் போல நனைந்துவிடுகின்றன. சில இரவுகளில் ஏதோ புலம்புகிறார். அம்மா தட்டி எழுப்பினால் எரிந்து விழுகிறார், காலையில் கேட்டால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறார். எழும்பும்போது தலையிடி. மூன்று மாதத்துக்கு முன்னர் கிளினிக்கில் சீனி கூட என்று கிளிக்ளசைட்டை இரண்டு வேளையாக்கினார்கள். அன்றிலிருந்து இரவில் சோற்றை விட்டு, இரண்டு கிறீம் கிறேக்கரும் சீனி போடாத பிளேன்ரீயும்தான். மெட்போர்மின், அட்டெனொலோல், கொலஸ்ட்ரோல் குளிசை ஆகியவற்றையும் எடுக்கிறார்.

அதே அறையில் படுக்கும் அம்மாவுக்கும் (51) வியர்க்கிறது. அவருக்குப் பகலிலும் திடீரென்று முகம் கொதித்து வியர்க்கிறதாம். அறைச் சூடுதான் காரணம், ஏசி பூட்டலாம் என்கிறான் தம்பி. ஆனால் போன மாதம் தெஹிவளையில் மாமா வீட்டு ஏசி அறையில் படுத்த இரவும் அப்பா நனைந்துதான் எழும்பினார். பக்கத்து வீட்டு அன்ரி காசமாக இருக்கலாம் என்று பயமுறுத்துகிறார். அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. என்ன செய்வது?

— ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்

அன்புள்ள மகள்,

ஏசி விஷயத்தைக் கடைசியில் கதைப்போம். முதலில் ஒரு வேலை இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லையென்றால் பக்கத்துப் பார்மசியில் ஒன்று வாங்குங்கள், யாரிடமாவது இரவல் கிடைத்தாலும் சரி. இன்றிரவு இரண்டரை மணிக்கு அலாரம் வைத்து எழும்பி அப்பாவின் சீனியைப் பாருங்கள். அதற்கு முன்னரே அவர் வியர்த்து நனைந்தால் அந்த நிமிடமே பாருங்கள். விரலை முதலில் துடைத்து உலர்த்துங்கள், ஏனென்றால் வியர்வை இரத்தத்துளியோடு கலந்தால் அளவு பிழைக்கும். பழைய மிசினாக இருந்தால் ஸ்ட்ரிப் (இரத்தத்துளி வைக்கும் சின்னப் பட்டி) போத்தலின் திகதியையும் பாருங்கள். கொழும்பு ஈரக்காற்றில் மூடியைத் திறந்து வைத்த ஸ்ட்ரிப்புகள் சீக்கிரம் பழுதாகிவிடும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், அப்பாவுக்கு இரவில் சீனி இறங்குகிறது என்றுதான் உங்கள் கடிதம் முழுக்கச் சொல்கிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, அது உண்மை. ஆனால் நீங்கள் எழுதியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வியர்வை தொடங்கியது குளிசையைக் கூட்டிய பிறகு. அதே நேரத்தில் இரவுச் சாப்பாடும் குறைந்திருக்கிறது. வருகிற நேரம் நடுச்சாமத்துக்குப் பிறகு. புலம்பல், கோபம், காலையில் நினைவில்லாமை, தலையிடி. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்ந்த அறையிலும் நனைகிறார். மாமா வீட்டு ஏசி உங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது: காரணம் சூடு இல்லை என்று காட்டிவிட்டது.

கிளிக்ளசைட் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீதி விளங்கும். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. பின்னேரம் குளிசை போட்டுவிட்டு இரண்டு கிறீம் கிறேக்கரோடு படுத்தால், சாமத்தில் இரத்தத்தில் இருக்கிற சீனி போதாமல் போகும். மூளை சீனியில்தான் ஓடுகிறது. சீனி இறங்கியதும் உடம்பு அட்ரினலினைக் கொட்டி எச்சரிக்கிறது, வியர்வைச் சுரப்பிகளுக்கும் அதே நேரம் கட்டளை போகிறது. அதுதான் இந்த வியர்வை. கிளிபென்கிளமைட், டொல்புடமைட் என்ற குளிசைகளும் இதே குடும்பம்தான், இன்சுலின் ஊசியும் இப்படிச் செய்யும். மெட்போர்மின் தனியாக எடுக்கும்போது பொதுவாகச் சீனியை இந்த அளவுக்கு இறக்காது.

இன்னொன்றையும் கவனித்தேன். அப்பா பிரஷருக்கு அட்டெனொலோல் எடுக்கிறார். சீனி இறங்கும்போது வழக்கமாக நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நோயாளியே எழும்பி உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுவார். அட்டெனொலோல், புரோப்பிரனொலோல் மாதிரியான மருந்துகள் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அவற்றால் மறைக்க முடியாது. ஆகவே அப்பாவின் உடம்பு தருகிற ஒரே எச்சரிக்கை அந்த நனைந்த தலையணையாக இருக்கலாம். அதைச் சூடு என்று நினைத்து உறையை மாற்றிவிட்டுப் படுப்பதுதான் எனக்குப் பயம்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. பல வருடத்துக்கு முன்னர் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. விடியச் சாமம் மூன்று மணிக்குக் கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால், ஓய்வு பெற்ற கணக்காளர், வழக்கமாகப் பூனை மாதிரி அமைதியானவர், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். பெனியன் முதுகோடு ஒட்டியிருக்கிறது, நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வியர்வை சொட்டுகிறது, தோலைத் தொட்டால் குளிர். மனைவியை யாரென்று தெரியாமல் "நீ ஏன் என்ர வீட்டில நிக்கிறாய்?" என்று சத்தம் போடுகிறார். பார்த்தவர்கள் பாரிசவாதம் என்றார்கள், ஒருவர் பேய் என்றும் சொன்னார். விரலில் குத்திப் பார்த்தேன், 41. விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனி கரைத்த தண்ணீரை மெதுவாகக் குடிக்க வைத்தோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் எல்லாரும் நித்திரை கொள்ளாமல் நிக்கிறியள்?" என்று கேட்டார். அவருடைய மனைவி அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ஒரு மாதமாக ஒவ்வொரு இரவும் தலையணை உறை மாற்றியிருக்கிறார். சித்திரை வெக்கை என்று நினைத்தாராம்.

அதனால் அந்த இலக்கத்தைப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். (சில மிசின்கள் மில்லிமோல் கணக்கில் காட்டும், அதில் 3.9.) 54க்குக் கீழே என்றால் ஆபத்து. இந்த இரண்டில் எது என்றாலும், அப்பா விழிப்பாக, விழுங்கக்கூடியவராக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கப் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பால் தேத்தண்ணியோ சொக்கலேட்டோ வேண்டாம், கொழுப்பு இருந்தால் சீனி இரத்தத்தில் ஏறத் தாமதமாகும். 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டு பாணோ சாப்பிட வையுங்கள், இல்லையென்றால் விடிய முன்னர் மறுபடி இறங்கலாம். கிளிக்ளசைட் பல மணிநேரம் வேலை செய்கிற மருந்து, ஒரு தடவை ஏற்றிவிட்டோம் என்று விட்டுவிட முடியாது.

எழுப்ப முடியவில்லை, வலிப்பு வருகிறது, விழுங்கத் தெரியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அவரைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

70க்குக் கீழே ஒரு முறை வந்தாலும், அடுத்த வேளை கிளிக்ளசைட் போட முன்னர் ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். பெரியாஸ்பத்திரிக் கிளினிக்காக இருந்தாலும், உங்கள் தெருவில் உள்ள குடும்ப மருத்துவராக இருந்தாலும் சரி. ஆறு கிழமை காத்திருக்கக் கூடாது. கிளினிக் கொப்பியைக் கொண்டு போய், திகதிக்கு முன்னரே வந்ததற்கான காரணத்தைச் சொன்னால் பார்ப்பார்கள். இரவு எடுத்த அளவுகளை நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் காட்டினால் போதாது, அது சாமம் மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று சொல்லாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையிலும் இரவுப் பள்ளங்கள் மறைந்துபோகும்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். 14 வருடச் சீனி வருத்தத்தில் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இந்த மருந்துகள் உடம்பில் கூட நேரம் தங்கும். அடுத்தது, இரவு வேளைக் குளிசையைக் குறைக்கலாமா, அல்லது சீனியை இப்படி இறக்காத வேறு மருந்துக்கு மாற்றலாமா என்பது. அட்டெனொலோலைப் பற்றியும் கதையுங்கள். ஆனால் அதை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் இதயத்துக்குக் கேடு. அப்புறம், அப்பா பாகற்காய்ச் சாறு, கொத்தலஹிம்புட்டுத் தேநீர் மாதிரி ஏதாவது குடிக்கிறாரா? அவையும் சீனியை இறக்கக்கூடியவை. டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுப் பலர் மறைக்கிறார்கள். சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டையும் சரிசெய்ய வேண்டும். சீனி கூட என்றதும் இரவுச் சாப்பாட்டை வெட்டுகிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு, அதுவும் அப்பாமாரிடம். அவர் நல்லதென்று நினைத்துத்தான் செய்கிறார், கோபிக்காதீர்கள். குளிசை போடுகிற வேளையில் சாப்பாடு இருக்க வேண்டும். குரக்கன் பிட்டோ மூன்று நான்கு இடியப்பமோ, கூடவே பருப்பு, ஒரு கீரை. படுக்க முன்னர் சீனி 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும். வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி என்று பட்டினி இருக்கிறவராக இருந்தால், விரதத்துக்கு முன்னரே குளிசை அளவை டொக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

சரி, இரவில் அளந்து பார்த்தபோது மூன்று நாளும் 110, 130 என்று நல்ல அளவாகவே இருக்கிறது, ஆனாலும் நனைகிறார் என்றால்? அப்போது மற்றக் காரணங்களைத் தேட வேண்டும். பக்கத்து வீட்டு அன்ரி சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். காசநோயில் இரவு வியர்வை வரும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காசம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நாட்டில் கூடுதலான காசநோயாளிகள் இருப்பதும் கொழும்பு மாவட்டத்தில்தான். ஆனால் காசம் வியர்வையோடு மட்டும் வருவது குறைவு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல், பசியின்மை, இடுப்புப்பட்டியில் புது ஓட்டை போடுகிற அளவுக்கு மெலிவு என்று ஏதாவது கூட வரும். நீங்கள் இவற்றில் ஒன்றையும் எழுதவில்லை. இருந்தால் நெஞ்சுநோய்க் கிளினிக்குக்குப் போய்ச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள், இலவசம்தான். காசமே என்றாலும், வழக்கமான வகை என்றால் ஆறு மாத மருந்தில் முழுக்கக் குணமாகும். மருந்தும் இலவசம். அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டில் தட்டு, கோப்பை ஒதுக்குகிற காலம் போய்விட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மலேரியாவையும் சிலர் நினைப்பார்கள். இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றது. அப்பா அண்மையில் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்து, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் மட்டும் அதைச் சொல்லி இரத்தம் பாருங்கள். கழுத்திலோ கமக்கட்டிலோ வலியில்லாத கட்டி, காரணமில்லாமல் எடை இறங்குவது, விடாத காய்ச்சல் ஆகியவை வியர்வையோடு சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம். நல்ல பசியிருந்தும் மெலிந்து, கை நடுங்கி, இரவுபகல் வியர்த்தால் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யலாம். மனச்சோர்வுக்குத் தருகிற செர்ட்ரலின், புளுவொக்செட்டின் போன்ற குளிசைகளும் வியர்க்க வைக்கும். படுக்க முன்னர் மது எடுப்பவர்களுக்கும், பல வருடப் பழக்கத்தை ஒரேயடியாக நிறுத்தியவர்களுக்கும் இரவில் வியர்க்கும். பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி முழிப்பது என்றால் தூக்கத்தில் மூச்சடைப்பு. அம்மாவிடம் கேளுங்கள், அந்தக் குறட்டை பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். சீனி வருத்தம் உள்ளவருக்குத் திடீரென்று குளிர்ந்த வியர்வை கொட்டி, மூச்சு முட்டினால், அல்லது நெஞ்சு, தாடை, இடக்கை இறுகினால் அது மாரடைப்பாக இருக்கலாம். நீண்டகாலச் சீனி வருத்தத்தில் நரம்பு மரத்திருப்பதால் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். அப்படியான இரவில் மிசினில் இலக்கம் நன்றாக இருந்தாலும் விடியும்வரை பார்க்காதீர்கள். 1990.

இனி அம்மா. அவருடைய வியர்வை வேறு கதை, அதைப் படிக்கும்போது எனக்குப் பயம் வரவில்லை. 51 வயது, பகலிலும் இரவிலும் திடீரென்று முகம் கொதிப்பது, வியர்ப்பது. மாதவிடாய் முறை தவறியிருக்கிறதா, அல்லது நின்றுவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும்போது மூளையில் உடல்வெப்பத்தைக் கவனிக்கிற இடம் அளவுக்கு மீறி உணர்ச்சியுள்ளதாகிவிடுகிறது. கொஞ்சம் சூடு ஏறினாலே, "உடம்பு கொதிக்கிறது, உடனே ஆற்று" என்று கட்டளையிடுகிறது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஒரு அலை மாதிரிச் சூடு ஏறும், வியர்க்கும், சில நிமிடத்தில் அடங்கி, பிறகு குளிர்ந்து நடுங்கும். போர்வையை உதறிவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப இழுத்து மூடுகிறாரா என்று பாருங்கள். அப்பா குழம்பிப் புலம்புகிறார். அம்மா முழுத் தெளிவோடு முழித்திருந்து புழுக்கத்தைத் திட்டுவார். ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேரின் வியர்வையையும் பிரித்தறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இது சிலருக்கு ஓரிரு வருடத்தில் போய்விடும், பலருக்கு நாலு முதல் ஏழு வருடம்வரை இழுக்கும். நம் அம்மாமார் இதை வாய் திறந்து சொல்வதில்லை. "எல்லாருக்கும் வாறதுதானே" என்று தாங்கிக்கொண்டு, நித்திரை கெட்டு, பகல் முழுக்கச் சமைத்து ஓய்ந்துபோகிறார்கள். தாங்க வேண்டியதில்லை. மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி போன்றவை இல்லாதவர்களுக்கு ஹோர்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்யும், ஹோர்மோன் கூடாதவர்களுக்கு வேறு குளிசைகள் உண்டு. அரசாங்கம் இலவசமாக நடத்தும் வெல் வுமன் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம். தைரொயிட்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மாதவிடாய் நின்று 12 மாதம் கழித்து ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும், அதை மட்டும் அவர் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஏசி. உங்கள் அறை சூடாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் தட்டு இரவிரவாக அந்தச் சூட்டைக் கீழே விடும். மேலே தொங்குகிற ஃபேன் அதையே திருப்பி முகத்தில் அடிக்கும். கொழும்பு இரவில் காற்றே ஈரமாக இருப்பதால் வருகிற வியர்வையும் காயாது. நுளம்புக்குப் பயந்து யன்னலையும் ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறோம். யன்னலுக்கு வலை அடித்துவிட்டு இரவில் திறந்து வையுங்கள், கடல்காற்று கொஞ்சம் வரட்டும். மேசை ஃபேன் ஒன்றை யன்னல் பக்கமாகத் திருப்பி, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ள விடுங்கள். பெட்சீட்டைத் தூக்கி மெத்தையையும் ஒருமுறை பாருங்கள். வாங்கிய நாளில் வந்த பொலித்தீன் உறை இன்னும் அதில் இருக்கிறதா? பத்து வீட்டுக்குப் போனால் நாலு வீட்டில் பார்க்கிறேன், மெத்தை பழுதாகிவிடும் என்று கழற்றுவதில்லை. அதன்மேல் படுத்தால் யாருக்கும் முதுகு நனையும். கழற்றிவிட்டு, பொலியெஸ்டர் விரிப்புக்குப் பதிலாகப் பருத்தி விரியுங்கள்.

அப்பாவின் குளிசை சரியாகி, அம்மாவும் கிளினிக்குக்குப் போய் வந்த பிறகும் அறை தாங்கவில்லையென்றால் தாராளமாக ஏசி பூட்டுங்கள், அம்மாவுக்கு அது உண்மையிலேயே உதவும். இன்றைக்குத் தம்பியிடம் காசைக் கொடுத்து, முதலில் ஒரு பெட்டி ஸ்ட்ரிப் வாங்கி வரச் சொல்லுங்கள். சீனிப் போத்தலும் கரண்டியும் இன்றிரவே அப்பாவின் தலைமாட்டில் இருக்கட்டும்.